மழைக்காலத்தில் மட்டும் யானை

படிவத்தில் யானையைச் சேர்த்தது நான்தான். டொறீனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. அவளுடைய அப்பா நோபர்ட்டுக்கும் இல்லை. அவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிற மனிதர். அளவு தப்பினால் ஆள் போய்விடும் என்ற பயத்திலேயே வாழ்ந்து பழகியவர், பொய்யிலும் ஒரு சொட்டுக்கு மேல் கலக்கமாட்டார். நான் அப்படியில்லை. முப்பத்தொரு வருஷம் யட்டவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தேன். அங்கே ரத்தம் குடிக்கிற அட்டை ஒன்று தினமும் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து ஆட்களோடு வரிசையில் நிற்கும். பேர் கூப்பிட்டால் தலையைத் தூக்கும். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. இதைச் சொன்னால் மாத்தளையில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் அட்டைக்கு என்ன பேர் என்று கேட்பார்கள். அழகமுத்து என்பேன். அதோடு அவர்களும் நம்பிவிடுவார்கள்.

பொய்யின் சூட்சுமம் அதுதான். பெரிய பொய்யை யாரும் நம்புவதில்லை. அதன் வாலில் ஒரு சின்ன விவரத்தைக் கட்டிவிட வேண்டும். கேட்கிறவன் விவரத்தைப் பிடித்துக்கொண்டு பொய்யை விட்டுவிடுவான்.

அறுபத்தாறாம் வருஷம் நேசக்கரச் சங்கம் என்று ஒரு சங்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு வருஷம் அமெரிக்காவுக்கு அனுப்பி அங்கே ஒரு வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்கப் போவதாகச் சொன்னது. மாவட்டத்துக்கு ஒரு பிள்ளை. டொறீனைப் படிப்பித்த கன்னியாஸ்திரிகள் அவளிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு பக்கம், பெற்றோர் அல்லாத பெரியவர் ஒருவர் மாணவியின் வீட்டைப் பற்றி எழுத வேண்டியது. நான் அவள் அம்மா சவரியம்மாவின் அண்ணன். கல்யாணம் கட்டாதவன், பென்ஷன் எடுத்தபின் அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் கிடக்கிறவன். வீட்டைப் பற்றி எழுத என்னைவிட யார் இருக்கிறார்கள்?

வீடு கொங்காவலப் பக்கம். இரண்டு அறை, ஒரு ஹோல், தகரம் போட்ட குசினி. வேலைக்காரர் என்று பார்த்தால் சவரியம்மா ஒருத்திதான். உள்ளதை எழுதினால் அமெரிக்காக்காரன் என்ன நினைப்பான்? ஏழு வேலையாட்கள் என்று எழுதினேன். பள்ளிக்கூடம் போக வர ஒரு யானை என்று எழுதினேன். எழுதிவிட்டு யோசித்து, அடைப்புக்குள் ‘மழைக்காலத்தில் மட்டும்’ என்று சேர்த்தேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிக நல்ல இரண்டு சொற்கள் அவை என்று அன்றைக்கு நினைத்தேன்.

டொறீன் தெரிவானாள். அவள் எடுத்த மார்க்குக்காகவா, யானைக்காகவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆகஸ்ட் மாசம் கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டோம். பதினேழு வயசு. கன்னியாஸ்திரிகள் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையை அந்த வெயிலில் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்ட நின்றாள். சங்கத்தார் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, குளியலறையில் தண்ணீர் சிந்தாமல் எப்படிக் குளிப்பது, நாய்க்கு எப்படி வணக்கம் சொல்வது எல்லாம் அதில் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை.

அது என்னவென்றால், எங்கள் ஊரில் எதையும் மூன்று தரம் கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் போகிறோம். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்பார்கள். வேணாம் என்போம். சும்மா ஒரு வாய் என்பார்கள். ஐயோ, இப்பத்தான் குடிச்சேன் என்போம். அப்போது வீட்டுக்காரி அடுப்பை ஊதிக்கொண்டே மூன்றாம் தரம் கேட்பாள். சரி என்போம். முதல் இரண்டு தரமும் வேணாம் என்று சொல்வது எங்கள் மரியாதை, மூன்றாம் தரம் கேட்பது அவர்கள் மரியாதை. யட்டவத்தையில் தையல் கடை வைத்திருக்கும் ஸக்கரியா ஒரு கல்யாண வீட்டில் இரண்டு தரத்தோடு விடப்பட்டவர். பிரியாணிச் சட்டி முன்னால் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே பசியோடு எழுந்து வந்தார். பதினோரு வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்ததில்லை. இது பொய்யில்லை.

டொறீனின் முதல் கடிதம் செப்டெம்பரில் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் என்பது ஒருவருக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டு றஸ்மியாவும் எதிர்வீட்டுச் சுந்தரம்மாவும் வந்து உட்கார்ந்தபின்தான் உறை பிரியும். சவரியம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் தபால்காரன் அடுத்த கடிதத்தோடு வந்துவிடுவான் என்பதால் வாசிப்பது என் வேலை. நான் வாசித்தால் எழுதியதைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

நெப்ராஸ்கா என்ற இடம். சுற்றிவரச் சோளக்காடு. ஹென்ரிக்சன் என்று ஒரு துரை, அவருடைய பெண்சாதி, பிள்ளைகள் இல்லை. வீட்டைத் தாண்டினால் அடுத்த வீடு இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம். ‘முதல் நாள் சாப்பிடும்போது இன்னும் வேணுமா என்று மிஸிஸ் கேட்டார். வேணாம் என்றேன். சரி என்று பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய்விட்டார். ராத்திரி நல்ல பசி’ என்று எழுதியிருந்தாள்.

“ஒரு தரந்தானா கேட்டா அந்தப் பொம்பள?” சவரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். “புள்ள குடுக்கிற வீடுன்னு விசாரிச்சு அனுப்பினீங்களே அண்ணே, இதையா விசாரிச்சீங்க?”

“விடுங்க சவரியக்கா, அவங்க ஊர்ப் பழக்கம் அப்படி ஈக்கும்,” என்றாள் றஸ்மியா.

“பழக்கமா? அடுத்த வீடு ரெண்டு கட்டைக்கு அங்கிட்டு இருந்தா வேற எப்படி இருக்கும்?” என்றாள் சுந்தரம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும், அமெரிக்காவில் சோளம் அவ்வளவு உயரம், பிடுங்குகிறவன் காலையில் ஏறினால் சாயந்தரம்தான் இறங்குவான் என்று டொறீன் எழுதியிருப்பதாக வாசித்தேன்.

அக்டோபர் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: ‘மிஸிஸ் தன் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். மிஸ்டர் நல்லவர். அதிகம் பேசமாட்டார். நான்தான் இப்போது சமைக்கிறேன்.’ அதை அப்படியே வாசித்தேன். நம்ம புள்ள சமைக்கப் பழகிட்டா என்று சவரியம்மாவுக்குப் பெருமை.

நவம்பரில் இரண்டு கடிதம் வந்தது. மிஸிஸ் இன்னும் வரவில்லை. எப்போது வருவார் என்று தெரியாது. மிஸ்டர் பற்றி எழுதியிருந்தாள், ஆனால் நல்லவர் என்ற சொல் இல்லை. நான் திருப்பிப் பார்த்தேன், ஓரங்களில் பார்த்தேன். இல்லை.

டிசெம்பர் முதல் வாரக் கடிதத்தில் மழை இல்லை, பனி என்று இருந்தது. ஜன்னல்களை எல்லாம் ரப்பர் வைத்து அடைத்துவிட்டார்கள், ஒரு ஈ நுழைய வழியில்லை என்று இருந்தது. கீழே, ‘என் அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாற்காலியை முட்டுக்கொடுத்து வைக்கிறேன், காற்றுக்கு’ என்று இருந்தது.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மூன்று பெண்களும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில், நெப்ராஸ்காவில் பனி உறைந்த குளத்தின் மேல் மாடுகள் வழுக்கி வழுக்கிப் போய்த் தானாகவே பட்டியில் சேர்ந்துவிடுகின்றன என்று வாசித்தேன். சுந்தரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு ஈ நுழைய வழியில்லாத வீட்டில் எந்தக் காற்று? பொய்யின் வாலில் கட்டுகிற சின்ன விவரம் எனக்குத் தெரியாதா? மழைக்காலத்தில் மட்டும் யானை. காற்றுக்கு மட்டும் நாற்காலி. வீட்டில் என் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை. ஆனால் பழக்கம் போதாது. ஜன்னலைப் பற்றி அவள் எழுதியிருக்கக் கூடாது.

நோபர்ட்டை டிஸ்பென்சரி வாசலிலேயே பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த இருமல் தண்ணிப் போத்தலை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

“மச்சான், இது உங்க அட்டைக் கதை மாதிரி இல்லையே?”

“இல்ல.”

“நாற்காலியப் பாத்தாப் புலின்னு சொல்ற ஆளு நீங்க.”

“நோபர்ட், இந்தா கடிதம். நீங்களே வாசிங்க.”

வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தார். போத்தலை ஆட்டுவதை நிறுத்தினார்.

“காத்துக்குன்னு தானே எழுதியிருக்கு,” என்றார். அந்த மனிதரின் குரலில் அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கெஞ்சல் இருந்தது. நான் எத்தனையோ பேரை எத்தனையோ பொய்யை நம்பவைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு பொய்யை நம்பாதே என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சவரியம்மாவிடம் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரும் தீர்மானித்தோம். அடுத்த நாள் காலை ரயிலில் நான் கொழும்புக்குப் போனேன்.

சங்கத்தின் செயலாளர் ஒரு பறங்கி அம்மா. வெள்ளைத் தலைமுடி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. நல்ல மனுஷி, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஐஸ் போட்ட தோடம்பழத் தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். வேணாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலீஷில்தான் பேசினோம். நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். மிஸிஸ் ஹென்ரிக்சன் இரண்டு மாசமாக வீட்டில் இல்லை என்பதைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. உடனே டொறீனின் கோப்பை எடுத்தாள். புரட்டினாள். புரட்டிய கை ஒரு பக்கத்தில் நின்றது. அது என் பக்கம்.

“ஓ, யானை வீட்டுப் பிள்ளை!” என்றாள். முகம் பழையபடி ஆகிவிட்டது. “ஏழு வேலையாட்களோடு வளர்ந்தவள். அங்கே தானே சமைத்து, தானே கழுவி... மனம் வாடத்தான் செய்யும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் குளிர்காலத்தில் இப்படித்தான்.”

“அம்மா, யானை இல்லை.”

“அடடா. செத்துப்போய்விட்டதா? மிகவும் வருத்தமான விஷயம். டொறீனுக்குத் தெரியுமா?”

“இருந்ததே இல்லை.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது உங்கள் கையெழுத்துத்தானே?”

“ஆமாம்.”

“வேலையாட்கள்?”

“தங்கச்சி ஒருத்திதான்.”

“அப்படியென்றால் அப்போது எழுதியது பொய். இப்போது சொல்வது உண்மை.”

“ஆமாம்.”

“அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது, மிஸ்டர் ரபாயேல்?”

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். மேசைமேல் ஒரு காகிதக்கத்தி கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தேழு வயசில் முதல் தடவையாக ஒரு கதை எனக்கு உதவிக்கு வரவில்லை.

அப்படியும் அவள் எழுதினாள். அமெரிக்காவில் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒரு தொண்டருக்குச் சொல்லி, அவர் டெலிபோனில் டொறீனைக் கூப்பிட்டு விசாரித்து, அந்தப் பதில் டிசெம்பர் கடைசி, நத்தார் வாரத்தில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. டைப் அடித்த கடிதம். ‘மாணவி நலமாக உள்ளார். வேறு வீட்டுக்கு மாற விருப்பமா எனக் கேட்கப்பட்டது. வேண்டாம் எனப் பதிலளித்தார். பணிவும் நன்றியும் நிறைந்த பிள்ளை என எமது தொண்டர் தெரிவிக்கிறார்.’

நோபர்ட் கடிதத்தை மடித்தார். “வேணாம்னு சொல்லியிருக்கா, மச்சான்.”

“எத்தன தரம் கேட்டாங்க?”

நோபர்ட் மறுபடியும் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார். அதில் எத்தனை தரம் என்று போடவில்லை.

தின்ற வீட்டைப் பற்றி முதல் கேள்வியிலேயே குறை சொல்கிற பிள்ளையை எங்கள் ஊரில் யாரும் பெற்றதில்லை. அவள் வேணாம் என்று சொல்லிவிட்டு, டெலிபோனைக் காதில் வைத்தபடி அடுத்த கேள்விக்குக் காத்திருந்திருப்பாள். அந்தப் பக்கம் மிக்க நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார்கள். சவரியம்மா நத்தாருக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் குசினி வாசலில் நின்று, எண்ணெய் வாசம் நல்லா இருக்கு என்று சொன்னோம்.

செயலாளர் அம்மாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். தயவுசெய்து மூன்று தரம் கேட்கச் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று. அவள் பதில் எழுதினாள்: ஓர் இளம் பெண்ணிடம் அவள் வேண்டாம் என்று சொன்னபின் திரும்பத் திரும்பக் கேட்பது நெருக்குதலாகும், சங்கத்தின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்ல விதிதான். அந்த ஹென்ரிக்சனுக்கு அந்த விதியை யாராவது வாசித்துக் காட்டினார்களா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கடைசி வரியில், பெற்றோர் விரும்பினால் வெளிநாட்டு டெலிபோனில் பேசலாம் என்று எழுதி, வீட்டின் இலக்கத்தையும் கொடுத்திருந்தாள். நல்ல மனுஷி.

ஜனவரி இரண்டாம் வாரம் நானும் நோபர்ட்டும் கொழும்புக் கோட்டை டெலிபோன் ஆபீசுக்குப் போனோம். சவரியம்மாவிடம் நோபர்ட்டுக்குக் கண் பரிசோதனை என்று சொன்னோம். காலையில் பதிந்த அழைப்பு சாயந்தரம் கிடைத்தது. இங்கே சாயந்தரம், அங்கே காலை. ஓர் ஆள் நிற்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். மூன்று நிமிஷம் என்று சொல்லியிருந்தார்கள். நோபர்ட் ஒரு வார்த்தை கேட்பார், மீதி நேரம் முழுக்க நான் கேட்பேன் என்று ரயிலிலேயே பேசி வைத்திருந்தோம்.

யாரோ ஓர் ஆண் குரல் ஹலோ என்றது. பிறகு கடல் இரைகிற மாதிரி சத்தம். பிறகு டொறீன்.

“டொறீன்? அப்பா பேசுறேன், அப்பா!”

“அப்பா...”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ப்பா.”

“குளிரா?”

“குளிர்தான்.”

“பூசைக்குப் போறியா?”

“இங்கேர்ந்து கோயில் தூரம்ப்பா.”

“அம்மா நல்லா இருக்கா. பூன குட்டி போட்டிருக்கு. நாலு குட்டி. ஒண்ணு வெள்ள, ரெண்டு சாம்பல், ஒண்ணு...” நோபர்ட்டின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் பூனையை விடவில்லை. நான் முழங்கையால் இடித்தேன். மூன்றாவது குட்டிக்கு வாலில் மச்சம் என்றார். டெலிபோனைப் பிடுங்கினேன்.

“புள்ள, மாமா. அந்த வீட்டில உனக்கு நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு மாமா.”

“நெசமாவா? நல்லா இருக்கா?”

கடல் இரைந்தது. அவள் மூச்சு எனக்குக் கேட்டது. பின்னால் அந்த ஆண் குரல் இங்கிலீஷில் என்னவோ கேட்டது, அதற்கு அவள் ஒன்றுமில்லை என்று பதில் சொன்னாள். பிறகு என்னிடம், “இருக்கு மாமா,” என்றாள்.

“டொறீன்,” என்றேன். மூன்றாம் தரம் கேட்க வாயைத் திறந்தேன். லைன் அறுந்தது. மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. கூண்டுக்கு வெளியே அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டினார்.

“நல்லா இருக்குன்னுதானே சொன்னா?” என்றார் நோபர்ட்.

“ரெண்டு தரந்தான் கேட்டேன்.”

மாத்தளை ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஐயா ஒரு கதை சொல்லுங்களேன், நீங்கள்தானே அட்டைக்குப் பேர் வைத்த கிளாக்கர் என்று சிங்களத்தில் கேட்டார். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் சவரியம்மா எங்களுக்குச் சோறு போட்டாள். நோபர்ட்டின் கண் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

“அண்ணே, அந்த நாற்காலி பத்தி நீங்க வாசிக்கல.”

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றேன்.

“எனக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும். மெதுவாத்தான் வரும், ஆனா வரும். மூணு நாள் எடுத்துச்சு.”

“எப்ப வாசிச்ச?”

“அன்னைக்கே தொடங்கினேன். நீங்க மாடு வழுக்குதுன்னு சொன்னப்பவே.” முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. “எனக்குத் தெரியும்னு அவருக்குச் சொல்லாதீங்க. தாங்க மாட்டாரு.”

நத்தாருக்குப் பலகாரம் சுட்டபோது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர், ஒரே நாற்காலியை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தோம்.

பெப்ரவரி நடுவில் ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் முகவரி வேறாக இருந்தது. நாங்கள் றஸ்மியாவையும் சுந்தரம்மாவையும் கூப்பிடவில்லை. முதல் தடவையாக, எழுதியதை எழுதியபடி வாசித்தேன்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற நோவக் என்று ஒரு அம்மா. வயசானவள், கைக்குட்டையால் தலையைக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நிற்பாள். போதும் என்றாலும் இன்னொரு கரண்டி போடுவாள். ஒரு நாள், நீ ஏன் மெலிந்துகொண்டே போகிறாய், வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டாளாம். சரி என்றாளாம் டொறீன். அடுத்த நாளும் கேட்டாளாம். சரி என்றாளாம். மூன்றாம் நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வரிசை முழுக்கப் பின்னால் நிற்க, மறுபடியும் கேட்டாளாம். ‘நான் அழுதுவிட்டேன்’ என்று எழுதியிருந்தாள். அன்றைக்குச் சாயந்தரமே நோவக்கின் புருஷன் லொறியைக் கொண்டுபோய், பெட்டியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வேறு எதுவும் எழுதவில்லை.

அந்த அம்மா எந்தச் சங்கத்திலும் இல்லை. எந்தப் படிவமும் நிரப்பவில்லை. யானையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். நாங்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றதற்குப் பதினொரு நாளுக்குப் பிறகு. அக்டோபரிலிருந்து எண்ணினால் பதினாறு வாரம். அந்தப் பதினாறு வாரத்தில் நாங்கள் செய்த எதுவும் அந்த லொறியின் ஒரு சில்லைக்கூடச் சுற்றவில்லை. சங்கத்திலிருந்தும் கடிதம் வந்தது, மாணவியின் வீடு மாற்றப்பட்டது, எங்கள் கண்காணிப்பு முறை நன்றாக வேலை செய்கிறது என்று. என்னைப்போல ஓர் ஆள் அங்கேயும் இருக்கிறான்.

ஜூலையில் டொறீன் வந்தாள். உயரமாகியிருந்தாள். தெருவே வீட்டில் கூடிவிட்டது. சவரியம்மா சோற்றைப் போட்டுவிட்டு, “இன்னுங் கொஞ்சம்?” என்றாள்.

“போடுங்கம்மா,” என்றாள் டொறீன்.

முதல் தரத்திலேயே. சவரியம்மா கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். இரண்டாம் தரம் கேட்க வைத்திருந்த வார்த்தையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அமெரிக்கா எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். நோவக் அம்மாவின் அடுப்பைப் பற்றி, கோழிகளைப் பற்றி, பனியைப் பற்றி நன்றாகச் சொன்னாள். மாடு உண்மையிலேயே பனியில் வழுக்குமா என்று சுந்தரம்மா கேட்டாள். டொறீன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வழுக்கும் அக்கா, கறுப்பு மாடு மட்டும்,” என்றாள். சபை சிரித்தது.

எல்லாரும் போனபின் கொஞ்சம் படுக்கிறேன் என்று தன் அறைக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம். பிறகு சிமெந்துத் தரையில் நாற்காலிக் கால் இழுபடுகிற சத்தம். வெளியே முருங்கை இலைகூட அசையவில்லை.

நான் கதவுக்குப் பக்கத்தில் போனேன்.

“புள்ள.”

“என்ன மாமா?”

“நாற்காலி எதுக்கு?”

“காத்துக்கு.”

“டொறீன், அன்னைக்கி டெலிபோன்ல ரெண்டு தரம் கேட்டேன். லைன் அறுந்துபோச்சு.”

பிறகு கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள் போல, குரல் வந்தது.

“மூணாந்தரம் கேக்காதீங்க மாமா.”

நான் கேட்கவில்லை.

வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திருக்கோணமலை வீதிக்குப் போனேன். மீராசாஹிப்பின் இரும்புக் கடையில் வழக்கமான ஆட்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை. பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வேண்டும், இருப்பதில் பெரியது என்றேன்.

“என்னத்துக்குக் கிளாக்கரய்யா?” மீராசாஹிப் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். “ஒங்கட ஊட்ல களவெடுக்க என்ன ஈக்கு? ஒங்களத்தான் தூக்கிட்டுப் போகணும், தூக்கினவன் கதை கேட்டே செத்துப்போவான்.”

“புலி வருது,” என்றேன்.

“எங்கேருந்து? தம்புள்ளப் பக்கமா?”

“நெப்ராஸ்காவிலேருந்து.”

கடை முழுக்கச் சிரித்தது. மீராசாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாழ்ப்பாளைக் காகிதத்தில் சுற்றினார். “அப்ப எத்தன அடி ஈக்கும் அந்தப் புலி?” என்று ஒருவன் கேட்டான். அளவு கேட்கிறான், வாலில் கட்ட விவரம் கேட்கிறான். என்னிடம் இல்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

டொறீன் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியை நகர்த்தி, திருகாணிகளைக் கையில் ஏந்தி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தச்சு வேலை பழகாத கை, ஒரு துவாரம் கோணலாகிவிட்டது. மாட்டி முடித்ததும் நான் வெளியே வந்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. திறந்தது. மறுபடியும் விழுந்தது.

நாற்காலி இழுபடுகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவை நோக்கி இழுபட்டது.